ஒரு பாடல் தனியே நிற்கும்போது
இசை: வாசகர் கேள்வி – பதில்

பாப் இசைக் குழுக்கள் ஒரே ஒரு பாடலைத் தனியாக வெளியிடும் வழக்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த மாதப் பக்கங்களை முழுவதும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் பேத்தி கொரிய பாப் குழு ஒன்றின் தீவிர ரசிகை. அக்குழு 'சிங்கிள் ஆல்பம்' வெளியிட்டிருப்பதாகச் சொல்கிறாள். சிங்கிள் என்றால் ஒன்று, ஆல்பம் என்றால் பல என்றுதான் நான் இதுவரை எண்ணியிருந்தேன். இரண்டும் எப்படி ஒன்றாகும்?
— வாசகி, அங் மோ கியோ

பதில்: உங்கள் பேத்தி சொல்வதும் சரி, உங்களுக்கு எழுந்த ஐயமும் சரி, அம்மா. கொரிய இசைத் துறையில் ஒன்றிரண்டு பாடல்களை மட்டும் கொண்ட சிறிய வெளியீட்டைச் 'சிங்கிள் ஆல்பம்' என்று அழைக்கிறார்கள். நியூஜீன்ஸ் குழு 2023 ஜனவரி 2ஆம் தேதி 'ஓஎம்ஜி' என்ற பெயரில் அப்படி ஒன்றை வெளியிட்டது. அதில் இருந்தவை இரண்டே பாடல்கள். அவற்றுள் ஒன்றான 'டிட்டோ' இரண்டு வாரத்துக்கு முன்பே, 2022 டிசம்பர் 19ஆம் தேதி, தனியாக வந்துவிட்டது. ஆக, ஒரே பாடல் முதலில் சிங்கிளாகவும் பின்னர் சிங்கிள் ஆல்பத்தின் பகுதியாகவும் இருந்தது. பாடலைக் கைப்பேசியிலேயே கேட்டுவிடலாம் என்றாலும், குறுந்தட்டும் படப் புத்தகமும் புகைப்பட அட்டையும் அடங்கிய பெட்டி ஒன்று கையில் இருக்கவேண்டும் என்று ரசிகர்கள் ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசைதான் 'ஆல்பம்' என்ற சொல்லை இன்னும் விடாமல் பிடித்துவைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

'சிங்கிள்' என்ற சொல் நிலைபெற்ற கதை இதைவிடப் பழையது. நம் தாத்தாக்கள் காலத்து இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றியது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசைதான் அடங்கும். பழைய தமிழ்த் திரைப்பாடல்கள் சில, பாதி ஒரு பக்கமும் பாதி மறுபக்கமுமாகப் பதிவானதும், பாட்டின் நடுவே யாராவது எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டதும் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேரம் ஓடும் எல்பி தட்டைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே ஆர்சிஏ விக்டர் நிறுவனம் ஏழு அங்குல அளவில், நடுவே பெரிய துளையுடன், நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் சிறிய தட்டை விற்பனைக்கு விட்டது. பல பாடல்களுக்குப் பெரிய தட்டு, ஒரு பாடலுக்குச் சிறிய தட்டு என்ற பிரிவினை அப்போதுதான் உறுதிப்பட்டது. தட்டுகள் அருகிப்போன பின்னும் மூன்று நிமிடம் என்ற அளவு மட்டும் பாப் இசையை விட்டுப் போகவில்லை.

ஆனால் இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நமக்கு மேல்நாட்டு உதாரணமே தேவையில்லை. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று நான்காக வகுக்கிறது. தனியே நின்று பொருள் முடிவது முத்தகம். முன்கதையின் துணையும் பின்வருவதன் தயவும் அதற்குக் கிடையாது. சொல்ல வந்ததை அந்தச் சில அடிகளுக்குள்ளேயே சொல்லி முடித்தாக வேண்டும். காளமேகத்தின் தனிப்பாடல்களை எந்த நூலோடும் சேர்க்காமல் இன்றும் நாம் சொல்லி மகிழ்வது அவை அப்படி முடிந்து நிற்பதால்தான். ஒரு பாப் குழுவின் சிங்கிளும் அத்தகையதே. அதனால் இனி இந்தப் பக்கங்களில் 'தனிப்பாடல்' என்றே எழுதுகிறேன். குழுவின் பிற பாடல்களில் ஒன்றைக்கூடக் கேட்டிராத ஒருவர், பேருந்தில் போகும்போது அதை முதன்முறையாகக் கேட்டாலும் அது முழுமையாகப் போய்ச் சேரவேண்டும். அப்படிச் சேராத பாடலைத் தனியே வெளியிட்டிருக்கக் கூடாது என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: புதிய பாடல்கள் எல்லாம் ஏன் வெள்ளிக்கிழமையே வெளிவருகின்றன?
— வாசகர், செங்காங்

பதில்: 2015 ஜூலை 10ஆம் தேதியிலிருந்து உலகின் பெரும்பாலான நாடுகளில் இசை வெளியீட்டு நாளாக வெள்ளிக்கிழமை ஏற்கப்பட்டது. அதற்கு முன் பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்று நாட்டுக்கு நாடு மாறுபட்டதால், ஓரிடத்தில் வெளியான பாடல் மற்ற இடத்தில் விற்பனைக்கு வருமுன்பே திருட்டுத்தனமாகப் பரவியது. ஆனாலும் இது சட்டமன்று, வழக்கம்தான். மேலே சொன்ன இரண்டு கொரிய வெளியீடுகளுமே திங்கட்கிழமைகளில் வந்தவை.

கேள்வி: 1960களில் பீட்டில்ஸ் குழுவையே முதலிடத்திலிருந்து இறக்கிய சிங்கப்பூர்க் குழு ஒன்று இருந்ததாக என் அண்ணன் அடிக்கடி சொல்வார். நான் அதை மிகைப்படுத்திய பேச்சு என்றே எண்ணி வந்தேன். உண்மை என்ன?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், குவீன்ஸ்டவுன்

பதில்: உங்கள் அண்ணன் மிகைப்படுத்தவில்லை, ஐயா. அந்தக் குழு உங்கள் வட்டாரத்திலேயே பிறந்தது என்பதையும் அவர் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன். குவீன்ஸ்டவுன் உயர்நிலைத் தொழில்நுட்பப் பள்ளி மாணவர்கள் 1961இல் தொடங்கிய 'தி குவெஸ்ட்ஸ்' குழு, 1964இல் 'ஷாண்டி' என்ற தனிப்பாடலை வெளியிட்டது. அது சிங்கப்பூர்ப் பாடல் வரிசையில், பீட்டில்ஸின் 'ஐ ஷுட் ஹேவ் நோன் பெட்டர்' இருந்த முதலிடத்தைப் பிடித்து, பல வாரங்கள் அங்கேயே இருந்தது. உள்ளூர்க் குழு ஒன்றின் தனிப்பாடல் அவ்விடத்தை எட்டியது அதுவே முதல் முறை.

இதில் நான் பெரிதும் மதிக்கும் செய்தி வேறொன்று. 'ஷாண்டி'யில் வரிகளே இல்லை. அது முழுக்க முழுக்கக் கருவியிசை. 1961இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் 'தி ஷாடோஸ்' குழுவும் இங்கே ஹேப்பி வேர்ல்டு அரங்கில் வாசித்துவிட்டுப் போன பிறகு, ஊரெங்கும் இளைஞர்கள் மின்கித்தாரைத் தூக்கிக்கொண்டார்கள். ஷாடோஸ் பாணிக் கித்தார் இசைக்குப் பாடகரே தேவையில்லை. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று வீட்டுக்கு வீடு மொழி மாறும் ஓர் ஊரில், சொல் இல்லாத மெட்டு ஒன்று எல்லார் வாயிலும் முணுமுணுக்கப்பட்டதைத் தற்செயலான வெற்றி என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. அக்குழுவின் கித்தார்க் கலைஞராகப் புகழ்பெற்ற ரெஜி வர்கீஸ் பிற்காலத்தில் இசைத் தயாரிப்பாளராகவும் விளங்கினார்.

இவர்களுக்கு ஓராண்டு முன்னதாக, 1963இல், 'தி கிரெசெண்டோஸ்' குழு ஃபிலிப்ஸ் நிறுவனத்துக்காக 'மிஸ்டர் ட்விஸ்டர்' பாடலைப் பதிவு செய்தது. பன்னாட்டு இசை நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் சிங்கப்பூர்க் குழு அதுதான். பேரக்குழந்தைகள் கொரியக் குழுக்களைப் பற்றிப் பேசும்போது, இந்த இரண்டு பெயர்களையும் நடுவே எடுத்துப் போடுங்கள். அவர்கள் தேடிக் கேட்பார்கள்.

கேள்வி: பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபார் எவர்', 'பென்னி லேன்' ஆகிய இரண்டும் அவர்களது மிகச் சிறந்த பாடல்கள் என்கிறார்கள். பிறகு ஏன் அவை 'சார்ஜண்ட் பெப்பர்ஸ்' தொகுப்பில் இடம்பெறவில்லை? அவற்றில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டுப் பழக விரும்புகிறேன்.
— வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கங்களை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

1966 ஆகஸ்ட் 29ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு பீட்டில்ஸ் மேடைச் சுற்றுப்பயணங்களை நிறுத்திக்கொண்டார்கள். நவம்பர் 24ஆம் தேதி லண்டன் ஏபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் மீண்டும் கூடியபோது, ஜான் லெனன் கொண்டுவந்த பாடல்தான் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்'. லிவர்பூலில் அவர் வளர்ந்த வீட்டுக்கு அருகே இருந்த சிறுவர் இல்லத்தின் பெயர் அது. பால் மெக்கார்ட்னி எழுதிய 'பென்னி லேன்' அதே ஊரின் ஒரு தெரு. ஒருவர் பால்ய நினைவை மங்கலான கனவாகப் பாட, மற்றவர் அதே பால்யத்தை முடிதிருத்துபவர், வங்கிக்காரர், தீயணைப்பு வீரர் என்று ஆளாளாக, பட்டப்பகல் வெளிச்சத்தில் நிறுத்திக் காட்டுகிறார்.

முதல் பாடலை ஒருமுறை காதில் கருவி மாட்டிக்கொண்டு கேளுங்கள். லெனனுக்கு ஒரு பதிவின் தொடக்கமும், வேறொரு பதிவின் பிற்பகுதியும் பிடித்திருந்தன. இரண்டையும் ஒட்டித் தரும்படி தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் கேட்டார். சிக்கல் என்னவென்றால், இரண்டும் வெவ்வேறு சுருதியில், வெவ்வேறு வேகத்தில் இருந்தன. இன்றைக்குக் கணினியில் சில நொடிகளில் முடியும் வேலை. அன்று நாடாவின் ஓட்ட வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, இரண்டும் ஒரே சுருதியில் வந்து சேரும் இடத்தை மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக்கும் கண்டுபிடித்தார்கள். பாடல் தொடங்கி ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அந்த ஒட்டு வருகிறது. அதுவரை மெல்லிதாக இருந்த இசை, எக்காளமும் செல்லோவுமாகக் கனத்து, குரலின் நிறமே சற்று மாறுவதை உணர்வீர்கள். வேகத்தை மாற்றியதால் குரலில் ஏறிய அந்த மயக்கம் பாடலுக்கு வாய்த்த வரம். இடையிடையே ஓடி வரும் தந்தி ஒலி, ஜார்ஜ் ஹாரிசன் மீட்டிய நம்மூர்ச் சுவர்மண்டல்.

'பென்னி லேன்' பாடலில் காத்திருந்து கேட்கவேண்டியது நடுவே வரும் சிறு எக்காளம். தொலைக்காட்சியில் ஜெர்மானிய இசைமேதை பாக் இயற்றிய பிராண்டன்பர்க் இசையைக் கேட்ட மெக்கார்ட்னி அந்தக் கருவியால் ஈர்க்கப்பட்டார். அதை வாசித்த டேவிட் மேசனே வரவழைக்கப்பட்டு, 1967 ஜனவரி 17ஆம் தேதி வாசித்துக் கொடுத்தார். தெருவின் சந்தடிக்கு மேலே பறவை ஒன்று எழும்பிப் போவது போல அது ஒலிக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டும் உருவாகிக்கொண்டிருந்த புதிய தொகுப்புக்கான பாடல்களாகத்தான் தொடங்கின. ஆனால் 1966 ஆகஸ்டுக்குப் பிறகு குழுவிடமிருந்து புதிய தனிப்பாடல் எதுவும் வரவில்லை என்பதால் நிறுவனத்தின் நெருக்கடி கூடியது. கையில் முடிந்திருந்த மிகச் சிறந்த இரண்டையும் எடுத்து, 1967 பிப்ரவரி 17ஆம் தேதி ஒரே தட்டின் இரு பக்கங்களாக வெளியிட்டார்கள். இரண்டுக்கும் சம மதிப்பு. இது முதன்மைப் பக்கம், அது துணைப் பக்கம் என்ற பேதமே இல்லை. தனிப்பாடலாக ஒருமுறை விற்றதை ரசிகர்கள் மறுபடி தொகுப்பில் காசு கொடுத்து வாங்கக் கூடாது என்ற எண்ணம் அன்று பிரிட்டனில் இருந்தது. அதனால் சில மாதம் கழித்து வந்த தொகுப்பில் இரண்டையும் சேர்க்கவில்லை. அப்படி விட்டுவிட்டது தம் வாழ்நாளின் பெரிய தவறு என்று மார்ட்டின் பின்னாளில் வருந்தினார்.

அவருடைய வருத்தத்தில் நான் பங்கெடுக்க மாட்டேன். பதின்மூன்று பாடல்களோடு ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால், இந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதை நாம் கவனித்திருக்க மாட்டோம். ஒரே ஊர், ஒரே பிள்ளைப் பருவம், இருவேறு மனம். ஒன்றைக் கேட்டு முடித்ததும் தட்டைத் திருப்பினால் மற்றது. பல செய்யுள் கூடி ஒரு வினைகொண்டு முடிவதைக் குளகம் என்பார்கள். இலக்கணம் ஒத்துக்கொள்ளுமோ என்னவோ, எனக்கு இந்தத் தட்டைக் குளகம் என்று சொல்லத் தோன்றுகிறது.

இத்தனைக்கும் அந்தத் தட்டு பிரிட்டனில் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. முதலிடத்தை விட்டுக்கொடுக்காமல் அமர்ந்திருந்த 'ரிலீஸ் மீ' பாடலைப் பாடியவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். அவர் 1936இல் பிறந்த ஊர் நம் சென்னை!

கேள்வி: தமிழ்த் திரைப்படங்களுக்கு 'ஃபர்ஸ்ட் சிங்கிள்' என்று வெளியிடுகிறார்களே, அதுவும் தனிப்பாடல்தானா?
— வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: பெயரளவில் ஆம், இயல்பில் பெரும்பாலும் இல்லை. அது படத்துக்குக் கட்டிய தோரணம். கதாநாயகனின் வருகையோ காதல் காட்சியோ மனத்தில் இருந்தால்தான் அதன் பொருள் நிறைவடையும். விதிவிலக்காக எனக்குத் தோன்றுவது 2011 நவம்பர் 16ஆம் தேதி வெளிவந்த 'ஒய் திஸ் கொலவெறி டி'. '3' என்ற அந்தப் படம் 2012 மார்ச் இறுதியில்தான் திரைக்கு வந்தது. இடைப்பட்ட நான்கு மாதத்தில் படத்தின் கதை என்னவென்றே அறியாத கோடிக்கணக்கானோர் அப்பாடலைக் கேட்டுவிட்டார்கள், தமிழ் தெரியாதவர்கள் உட்பட. ஒலிப்பதிவுக் கூடத்தில் நண்பர்கள் சேர்ந்து பாடுவதைக் காட்டியே அது வெளியானது. அதற்குக் காட்சி தேவைப்படவில்லை.

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற 45 சுற்றுத் தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எப்படிப் பாதுகாப்பது?
— வாசகர், தோ பாயோ

பதில்: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். வெயில் படும் சன்னலோரம் வேண்டாம், தட்டு வளைந்துவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் காகித உறைகள் பூஞ்சை பிடிக்கும் என்பதால் பழைய உறையைத் தனியே பத்திரப்படுத்தி, தட்டைப் புதிய உறையில் இடுங்கள். கையில் எடுக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள். முக்கியமாக, துணைப் பக்கப் பாடல்களையும் கேளுங்கள். தொகுப்பு எதிலும் சேராமல் போன பாடல்கள் பல அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. சிங்கப்பூர்க் குழுக்களின் தட்டு ஏதேனும் அகப்பட்டால் தேசிய நூலக வாரியத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். உள்ளூர் இசையை அவர்கள் தேடிச் சேர்த்து வருகிறார்கள்.

கேள்வி: நாங்கள் நால்வர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது தொடங்கிய தமிழ்ப் பாப் குழு. முதல் தனிப்பாடலைப் பதிவு செய்து முடித்துவிட்டோம். பழைய திரைப்பாடல் ஒன்றின் மெட்டு நான்கு வரிக்கு இடையில் வருகிறது. வெளியிடுவதற்கு முன் என்னென்ன செய்யவேண்டும்?
— குழு உறுப்பினர், ஈசூன்

பதில்: முதலில் அந்த நான்கு வரியைப் பேசிவிடுவோம், தம்பி. ஒரு பாடலில் இரண்டு உரிமைகள் உள்ளன. மெட்டுக்கும் வரிக்கும் உரியது ஒன்று. ஒலிப்பதிவுக்கு உரியது மற்றொன்று. நீங்களே புதிதாகப் பாடியிருந்தால் பழைய ஒலிப்பதிவை எடுக்கவில்லை என்று ஆகும். ஆனால் மெட்டு இன்னொருவருடையதாகவே இருக்கும். இத்தனை நொடிக்குள் இருந்தால் குற்றமில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். வெளியீட்டுக்கு அப்படியொரு நொடிக்கணக்கு சட்டத்தில் கிடையாது. உரிமையாளரிடம் எழுத்துவழி ஒப்புதல் வாங்குங்கள், அல்லது அவ்வரிகளை எடுத்துவிடுங்கள். எடுத்துவிடுவதையே நான் விரும்புவேன். உங்கள் முதல் பாடல் தன் காலில் நிற்கட்டும்.

அடுத்தது, ஒரு தாளில் நால்வரும் கையெழுத்திட்டு, வரி எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், யாருக்கு எத்தனை விழுக்காடு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாடல் ஓடாதபோது இது தேவையற்றதாகத் தோன்றும். ஓடிவிட்டால் எழுதி வைக்காத நட்பு முறிந்துபோகும். 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டத்தில் உங்களைத் தொடும் அம்சங்கள் இரண்டு உள்ளன. படைப்பாளரும் நிகழ்த்துக் கலைஞரும் தம் பெயரால் அடையாளம் காட்டப்படும் உரிமை ஒன்று. காசு கொடுத்து வெளியாரிடம் ஒலிப்பதிவு செய்யச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முதல் உரிமை பதிவைத் தயாரித்தவருக்கே என்பது மற்றொன்று. ஆகவே கூடத்துக்குப் பணம் கட்டிய இரசீது மட்டும் போதாது, ஒப்பந்தமும் வேண்டும். வரி எழுதியவரும் இசையமைத்தவரும் 1987 முதல் இயங்கிவரும் காம்பஸ் அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்தால், பாடல் வானொலியிலோ பொது இடத்திலோ ஒலிக்கும்போது வரவேண்டிய தொகையை அது வசூலித்துத் தரும்.

பாடலை இணைய இசைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனம், ஒலிப்பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி என்ற பன்னிரண்டு எழுத்தெண் குறியீட்டைப் பெற்றுத் தரும். இதே பாடலை வேறு விதமாகப் பதிவு செய்தால் அதற்கு வேறு குறியீடு. இந்த இடத்தில் தமிழ்க் குழுக்களுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. 'காதல்' என்ற ஒரு சொல்லையே நாம் ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறோம். ழகரம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். குழுவின் பெயரையும் பாடலின் பெயரையும் எந்த எழுத்துக்கூட்டலில் எழுதுவது என்று இன்றே முடிவுசெய்து, எல்லா இடத்திலும் மாறாமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் தேடுபவர்கள் உங்களை இரண்டு வேறு குழுக்களாகக் காண்பார்கள். தமிழ் எழுத்திலும் பெயரைக் கொடுக்க இடமிருந்தால் தவறாமல் கொடுங்கள்.

வெளியீட்டு நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே பாடலை ஏற்றிவிடுவது நல்லது. ஸ்பாட்டிஃபை தளத்தில் பட்டியல் தொகுப்பாளர்களின் பார்வைக்கு அனுப்ப, குறைந்தது ஏழு நாள் அவகாசம் வேண்டும். தீபாவளியை ஒட்டிய வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். பெரிய திரைப்பாடல்களின் ஆரவாரத்தில் உங்கள் குரல் கேட்காது. ஒலி 96.8 வானொலிக்கு அனுப்பும்போது பாடலோடு முழு வரிகளையும் தமிழில் அச்சிட்டு, பங்களித்தவர் பட்டியலையும் இணையுங்கள்.

அந்தப் பட்டியலைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இளமையில், சமூக மன்றத்தில் பயிற்சி செய்துவந்த ஒரு குழுவுக்காக நான் பாடல் வரி எழுதினேன். ஒலிநாடா வெளிவந்தபோது அட்டையில் பாடகர்களின் படம் மட்டும் இருந்தது. வரி எழுதிய நானும் இல்லை, அந்தப் பாடலையே தாங்கிப் பிடித்த தபேலாக்காரரும் இல்லை. பல ஆண்டு கழித்து ஒரு திருமண விருந்தில் அதே பாடலை யாரோ ஒலிபரப்பினார்கள். யார் எழுதியது என்று பக்கத்தில் இருந்த இளைஞரிடம் கேட்டேன். பழைய பாட்டு, யாரென்று தெரியாது என்றார். அந்தத் தபேலாக்காரர் அதற்குள் காலமாகிவிட்டிருந்தார்.

பாடல் வெளிவந்ததும் இந்த முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். தாளம் வாசித்தவர் பெயரையும் ஒலிக்கலவை செய்தவர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். வரும் இதழில் அத்தனை பெயர்களோடும் அறிமுகப்படுத்துகிறேன்.